கங்காரு தீவில் ஒரு பகல்: கப்பலில் வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மெல்பர்ன், சிட்னி, அடிலெய்ட் நகரங்களிலிருந்து கிளம்பும் குரூஸ் கப்பல்கள் பல, தெற்கு ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் ஒரு பகல் நிற்கின்றன. ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து நாலைந்து நாள் கப்பலில் கூட்டிப்போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது நிறைய. நான் மெல்பர்னில் இருக்கிறேன். இந்தத் தீவுக்கு இரண்டு முறை கப்பலில் போனேன். ஒரு முறை ஃபெரியில் போய் நான்கு நாள் தங்கினேன். போகப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால், தெரிந்ததையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கப்பல் எங்கே நிற்கும்? நேராகக் கரையில் இறங்கிவிடலாமா?

பெரும்பாலான கப்பல்கள் தீவின் கிழக்குப் பக்கம் உள்ள பென்னஷா என்ற சிற்றூருக்கு எதிரே, கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். பெரிய கப்பல் வந்து கட்டி நிற்கும் துறைமுகம் அங்கே கிடையாது. கப்பலின் பக்கவாட்டில் தொங்குகிற படகுகளை இறக்கி, அவற்றில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். இதை டெண்டர் படகு என்பார்கள். படகில் பத்து, பதினைந்து நிமிடப் பயணம்தான். ஆனால் அதில் ஏறுவதற்கான காத்திருப்பு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். முதலில் கப்பல் நிறுவனத்தின் டூர் எடுத்தவர்களை இறக்குவார்கள். மற்றவர்களுக்கு டோக்கன் கொடுத்து வரிசைப்படி கூப்பிடுவார்கள். அந்த டோக்கனைக் காலையில் முதல் வேலையாக வாங்கிவிடுங்கள், காபிகூட அப்புறம்தான்.

காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை என்று போட்டிருக்கிறார்கள். ஒன்பது மணி நேரம் இருக்கிறதே?

இல்லை, ஒன்பது மணி நேரம் கையில் வராது. கப்பல் எட்டுக்கு நின்றாலும் நீங்கள் கரையில் கால் வைக்கும்போது ஒன்பதரை ஆகியிருக்கலாம். கடைசி டெண்டர் படகு, கப்பல் கிளம்புவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே போய்விடும். அதற்கும் வரிசை உண்டு. ஆக உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது ஆறு மணி நேரம். அதை வைத்துத்தான் எல்லாத் திட்டமும் போட வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரம், மெல்பர்ன், சிட்னி நேரத்தைவிட அரை மணி பின்தங்கியது. கப்பல் தன் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு மாற்றலாம், மாற்றாமலும் இருக்கலாம். உங்கள் போனோ கரையில் சிக்னல் கிடைத்ததும் தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் மாற்றவில்லை என்றால், போனில் மூன்றரை காட்டும்போது கப்பலில் மணி நான்கு. என் முதல் பயணத்தில் இதே குழப்பம் வந்து, அம்மாவையும் இழுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓட வேண்டியதாயிற்று. முந்தின இரவே கப்பல் வரவேற்பு மேஜையில் "நாளை எந்த நேரத்தைப் பின்பற்றுகிறீர்கள்?" என்று கேளுங்கள். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொண்டால் கவலையில்லை.

ஒரே நாளில் தீவு முழுக்கச் சுற்றிவிடலாமா?

முடியாது. தீவு என்றதும் ராமேஸ்வரம் அளவுக்கு ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். கங்காரு தீவு ஏறக்குறைய 4,400 சதுர கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியா, மெல்வில் தீவுகளுக்கு அடுத்து இதுதான் பெரியது. கிழக்கு மேற்காகச் சுமார் 150 கிலோமீட்டர் நீளம். நீங்கள் இறங்கும் பென்னஷா கிழக்குக் கோடி. படங்களில் பார்த்து ஆசைப்படும் ரிமார்க்கபிள் ராக்ஸ் பாறைகள் மேற்குக் கோடி.

பென்னஷாவிலிருந்து காரில் போகும் நேரத்தைச் சொல்கிறேன். தீவின் பெரிய ஊரான கிங்ஸ்கோட்டுக்கு முக்கால் மணி நேரம். கடல் சிங்கங்கள் இருக்கும் சீல் பேக்கு ஒன்றேகால் மணி நேரம். ஃபிளிண்டர்ஸ் சேஸ் தேசியப் பூங்காவும் ரிமார்க்கபிள் ராக்ஸும் என்றால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அதுவும் ஒரு வழிக்கு. ஆறு மணி நேரத்தில் நாலு மணிக்கு மேல் சாலையிலேயே போய்விட்டால் என்ன மிஞ்சும்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்கே போய் நிதானமாக நில்லுங்கள். காட்டு விலங்கைப் பார்ப்பதற்குக் கூர்மையான கண்ணைவிடப் பொறுமைதான் தேவை. நாலு இடத்துக்கு ஓடினால் எங்கேயும் பொறுமையாக நிற்க நேரம் இருக்காது.

அந்த ஒரே இடம் எது?

சீல் பே. யோசிக்காமல் சொல்வேன்.

தீவின் தென்கரையில், திறந்த பெருங்கடலைப் பார்த்தபடி இருக்கும் மணற்கரை அது. பெயர்தான் சீல் பே, அதாவது கடல்நாய் வளைகுடா. அங்கே இருப்பவை ஆஸ்திரேலியக் கடல் சிங்கங்கள். சீலுக்கும் கடல் சிங்கத்துக்கும் வேறுபாடு உண்டு. கடல் சிங்கத்துக்கு வெளியே தெரியும் சின்னக் காது இருக்கும். முன் துடுப்பை ஊன்றி நிமிர்ந்து உட்காரும், மணலில் நடக்கும். இந்த இனம் உலகத்தில் ஆஸ்திரேலியாவில் மட்டும்தான் இருக்கிறது. மொத்தமே சுமார் 10,000 முதல் 12,000 வரை என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் கொன்று குவித்தார்கள். அதிலிருந்து இந்த இனம் இன்னும் முழுதாக மீளவில்லை. அழியும் நிலையில் உள்ளவை என்ற பட்டியலில் இருக்கிறது.

அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஏன் எல்லாம் செத்த மாதிரி படுத்திருக்கின்றன?" என்பதுதான். அவை களைத்துப்போய்ப் படுத்திருக்கின்றன. தாய் கடல் சிங்கம் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து கடலில் இருந்து, மறுபடி மறுபடி அடித்தளம் வரை முங்கி, மீன், கணவாய், ஆக்டோபஸ் எல்லாம் தேடித் தின்றுவிட்டுத் திரும்பும். கரையேறியதும் ஏறக்குறைய அதே அளவு நாள் ஓய்வு. அந்த ஓய்விலேயே குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டும். குட்டி ஏறக்குறைய ஒன்றரை வருடம் பால் குடிக்கும். இனப்பெருக்கச் சுழற்சியும் சுமார் பதினெட்டு மாதம் என்பதால், குட்டி போடும் காலம் ஒவ்வொரு முறையும் வேறு பருவத்தில் வரும். வேறு கடல் பாலூட்டிகளில் இப்படிப் பார்ப்பது அரிது. அதனால் எந்த மாதம் போனால் புதுக் குட்டிகள் இருக்கும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அந்த வருடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாங்கள் போன நாளில் ஒரு தாய் அலையிலிருந்து ஏறி, மணலில் நின்று குரல் கொடுத்தது. தூரத்தில், மணல்மேட்டின் புதருக்குள்ளிருந்து ஒரு குட்டி பதில் கொடுத்தது. இரண்டும் மாறிமாறிக் கூப்பிட்டபடி ஒன்றையொன்று நோக்கி வந்து, மூக்கை மூக்கோடு வைத்து முகர்ந்து பார்த்தன. அத்தனை குட்டிகளுக்கு நடுவே தன் குட்டியைக் குரலாலும் வாசனையாலும் கண்டுபிடிக்கிறது. "மூணு நாளா பட்டினி கெடந்திருக்கும் பாவம்" என்றார் அம்மா. குட்டி பால் குடித்து முடிக்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. எங்களைக் கூட்டிப்போன ரேஞ்சர், அதாவது பூங்காக் காவலர், பொறுமையாகக் காத்திருந்தார்.

சீல் பேயில் டிக்கெட் எப்படி? மரப்பாதை போதுமா, மணலில் இறங்க வேண்டுமா?

இரண்டு வகை உண்டு. மரப்பலகைப் பாதையில் நீங்களாகவே நடந்து, மேலிருந்து பார்க்கலாம். அல்லது ரேஞ்சரோடு குழுவாக மணலில் இறங்கலாம். தனியாக மணலில் இறங்க யாருக்கும் அனுமதி இல்லை. முடிந்தால் ரேஞ்சரோடு போங்கள். அருகில் பார்க்கலாம் என்பது ஒரு காரணம். எந்த விலங்கு யாருடைய குட்டி, எதன் முதுகில் இருப்பது சுறாக் கடி என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்; அந்தக் கதைகளைக் கேட்பது இன்னொரு காரணம். கப்பல் வரும் நாட்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு அவசியம்.

ரேஞ்சர் காட்டும் தூரத்தைத் தாண்டாதீர்கள். ஆண் கடல் சிங்கம் 250 கிலோ வரை எடை இருக்கும். மணலில் நம்மைவிட வேகமாக வரும். குழுவாகச் சேர்ந்து நிற்பதும் சத்தம் போடாமல் இருப்பதும் அவற்றின் ஓய்வுக்காக. மூன்று நாள் உழைத்து வந்த உடம்பு அது.

ரிமார்க்கபிள் ராக்ஸ் பார்க்காமல் வருவதா?

ஆசை புரிகிறது. ஏறக்குறைய 50 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல். காற்றும் உப்பும் மழையும் குடைந்து விசித்திர வடிவங்களாக்கிவிட்டன. பக்கத்தில் அட்மிரல்ஸ் ஆர்ச் என்ற பாறை வளைவுக்குக் கீழே நீள்மூக்கு ஃபர் சீல்கள் கூட்டமாகக் கிடக்கும். கப்பல் நிறுவனமே அங்கே டூர் வைத்திருந்து, கப்பல் காலையில் சீக்கிரம் நின்று மாலை ஆறு, ஏழு மணிவரை இருந்தால் போகலாம். நீங்களாகக் கார் எடுத்துப் போகும் திட்டம் வேண்டாம். வழியில் ஒரு டயர் பஞ்சரானால்கூடக் கப்பல் போய்விடும். தீவில் தங்குகிற ஒரு பயணத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கங்காரு தீவில் கங்காரு கண்டிப்பாகத் தெரியுமா?

பகலில் கொஞ்சம் கடினம். கங்காருவும் அதன் சின்ன உறவான வாலபியும் விடியற்காலையும் அந்தி நேரமும்தான் சுறுசுறுப்பாக மேயும். கப்பல் பயணிகள் தீவில் இருக்கும் பத்து மணி முதல் மூன்று மணி வரை அவை புதர் நிழலில் படுத்திருக்கும். வெயில் அதிகமானால் முன்னங்கைகளை நக்கி ஈரமாக்கி உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும்.

ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் கண்ணில் படும். புல்வெளியும் புதரும் சந்திக்கும் விளிம்பில், மரநிழலின் அடியைப் பாருங்கள். முதலில் தெரிவது இரண்டு காதுகள்தான். இந்தத் தீவுக் கங்காரு, பெருநிலத்தில் உள்ள மேற்குச் சாம்பல் கங்காருவின் கிளையினம். நிறம் இன்னும் கருமை கலந்த பழுப்பு, ரோமம் அடர்த்தி, உடல் கட்டுக்குட்டு. அதைவிடச் சின்னதாக, முயல்போல் குனிந்து உட்கார்ந்திருந்தால் அது டாமர் வாலபி.

நேரத்தை வீணாக்காமல் கட்டாயம் பார்த்தாக வேண்டும் என்றால், குழந்தைகள் கூட இருந்தால், நடுத்தீவில் பார்ண்டானா பக்கம் உள்ள கங்காரு தீவு வனவிலங்குப் பூங்கா இருக்கிறது. அங்கே கங்காருக்களை மிக அருகில் பார்க்கலாம். வேலிக்குள் பார்ப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்றாலும், நாலு வயதுக் குழந்தையிடம் காட்டில் ஒரு மணி நேரம் சும்மா இரு என்று சொல்வதும் நியாயமில்லை.

சாலையோரம் அடிபட்டுக் கிடக்கும் கங்காருக்களையும் பார்ப்பீர்கள், நிறையவே. குழந்தைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. உள்ளூர்க்காரர்கள் அந்தி சாய்ந்தபின் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பதற்குக் காரணம் இதுதான்.

கோலா?

உண்டு, ஆனால் அது இந்தத் தீவின் பூர்வ விலங்கு இல்லை. 1920-களில், பெருநிலத்தில் வேட்டையால் கோலாக்கள் அருகிவந்த நேரத்தில், பாதுகாப்பாக இருக்கட்டும் என்று விக்டோரியாவிலிருந்து 18 கோலாக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை பல்லாயிரமாகப் பெருகி, தமக்குப் பிடித்த யூகலிப்டஸ் மரங்களையே மொட்டையடித்துவிட்டன. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டிய நிலை வந்தது.

பிறகு நெருப்பு வந்தது. 2019 டிசம்பரில் மின்னல் விழுந்து பற்றிய தீ, 2020 ஜனவரி வரை எரிந்து, சுமார் 2,11,000 ஹெக்டேரை, ஏறக்குறைய பாதித் தீவை, அழித்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஃபிளிண்டர்ஸ் சேஸ் பூங்காவின் பெரும்பகுதி கருகியது. கோலாக்கள் மட்டும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. நான் தங்கியது அதற்குப் பிறகுதான். கருகிய அடிமரத்திலிருந்தே பச்சைத் தளிர் கொத்துக்கொத்தாகக் கிளம்பியிருந்ததைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. யூகலிப்டஸின் இயல்பு அது, பட்டைக்குள் ஒளித்துவைத்த மொட்டிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

கோலா ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை தூங்கும். கிளை பிரியும் இடத்தில் சாம்பல் நிற மூட்டைபோல் ஏதாவது தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். மரத்தை ஆட்டாதீர்கள், கீழே நின்று கத்தாதீர்கள்.

பென்குவின் பார்க்கலாமா?

கப்பலில் வந்து பகலில் திரும்புகிறவர்களுக்கு இல்லை. இங்குள்ள குட்டிப் பென்குவின்கள் இருட்டிய பிறகுதான் கடலிலிருந்து கரையேறும். அவற்றின் எண்ணிக்கையும் முன்பைவிட மிகவும் குறைந்துவிட்டது.

வேறு யாருடைய கண்ணிலும் படாத, ஆனால் தேடிப் பார்க்க வேண்டிய விலங்கு எது?

எனக்குப் பிடித்த கேள்வி இது. மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, உடும்பு. ரோசன்பர்க் கோவானா என்று பெயர், நம் ஊர் உடும்பின் நெருங்கிய உறவு. பாலூட்டிகளெல்லாம் தூங்கும் வெயில் நேரத்தில்தான் இது வெளியே வரும், அதனால் கப்பல் பயணிகளுக்கு ஏற்ற விலங்கு. பெண் உடும்பு கரையான் புற்றைத் தோண்டி உள்ளே முட்டையிடும். கரையான்கள் ஓட்டையை அடைத்துப் புற்றைச் சீராக்கிவிட, உள்ளே வெப்பம் மாறாமல் முட்டைகள் பாதுகாப்பாக இருக்கும். புற்றில் பாம்பு இருக்கும் என்று பால் ஊற்றும் ஊரிலிருந்து போன நமக்கு, புற்றில் உடும்புக் குஞ்சு பொரிக்கிறது என்பது மறக்காது. சாலையில் வெயில் காய்ந்தபடி கிடக்கும், வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.

இரண்டு, எக்கிட்னா. உடம்பெல்லாம் முள், நீண்ட குழாய் மூக்கு. முட்டையிட்டுக் குட்டிக்குப் பால் கொடுக்கும் விலங்கு. சாலையோரம் ஒரு முள்பந்து ஆடி ஆடிப் போனால் அதுதான். வெயில் கடுமையாக இருந்தால் வெளியே வராது, மேகமூட்டமான நாளில் வாய்ப்பு அதிகம்.

மூன்று, பளபளப்புக் கறுப்புக் காக்கட்டூ. வாலில் சிவப்புப் பட்டை உள்ள கறுப்புக் கிளி. இது தின்பது கிட்டத்தட்ட ஒரே ஒரு பொருள்தான், நம் கடற்கரைச் சவுக்கின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் காய். அந்த மரத்தடியில் மென்று துப்பிய காய்ச்சிதறல் இருந்தால், அண்ணாந்து பார்த்துக் காத்திருங்கள்; காயை உடைக்கும் 'கிளிக் கிளிக்' சத்தம்தான் முதலில் கேட்கும். 1990-களின் நடுவில் தீவில் இவை இருநூறுகூட இல்லை. மரத்தில் ஏறி முட்டையைத் தின்னும் பாசம் என்ற விலங்கைத் தடுக்க, கூடு இருக்கும் மரங்களைச் சுற்றி இரும்புத் தகடு கட்டினார்கள். அந்த எளிய வேலையால் எண்ணிக்கை ஏறக்குறைய இரு மடங்கானது. தகடு கட்டிய மரத்தைப் பார்த்தால் ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

இந்த ஒரு தீவில் மட்டும் ஏன் இவ்வளவு?

நரியும் முயலும் இல்லாததால். ஐரோப்பியர் கொண்டுவந்த இந்த இரண்டும் ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் சின்ன விலங்குகளையும் அவற்றின் புல்லையும் அழித்தன. இந்தத் தீவில் அவை காலூன்றவே இல்லை. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்தபோது தீவு தனியாகப் பிரிந்தது. இங்கே வாழ்ந்த பழங்குடி மக்களும் ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இல்லாமல் போயிருந்தார்கள். எதிர்க்கரை மக்கள் இதைக் கார்த்தா, இறந்தோரின் தீவு, என்று அழைத்தார்கள்.

1802 மார்ச்சில் ஆங்கிலேயக் கடலோடி மாத்யூ ஃபிளிண்டர்ஸ் இங்கே இறங்கியபோது, கங்காருக்களுக்கு மனிதரைக் கண்டு பயமே இல்லை. பசியோடிருந்த அவருடைய ஆட்கள் ஒரே நாளில் 31 கங்காருக்களைக் கொன்றார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு நன்றியாக வைத்த பெயர்தான் கங்காரு தீவு. இதைத் தெரிந்துகொண்டு போனால், இங்கே ஒரு விலங்கு நம்மைப் பார்த்து ஓடாமல் நிற்கும்போது மனம் வேறு மாதிரி ஆகிறது.

இன்றைய ஆபத்து காட்டுப் பூனை. மனிதர் கொண்டுவந்து, தப்பிக் காட்டில் பெருகியவை. நீங்கள் இறங்கும் பென்னஷா இருக்கும் டட்லி தீபகற்பத்திலிருந்து அவற்றை முழுவதும் அகற்றும் வேலை நடக்கிறது.

கப்பல் டூர் எடுப்பதா, தனியாகப் போவதா?

சீல் பே போன்ற தூர இடம் என்றால் கப்பல் டூர் எடுங்கள். விலை அதிகம்தான். ஆனால் டூர் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும்; நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. ஆறேழு பேர் கொண்ட குடும்பமாக இருந்தால் உள்ளூர் வழிகாட்டியோடு சிறிய வேன் கேட்டுப் பாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் சிறந்ததாகத் தோன்றியது. அவர்களுக்குக் கப்பல் நேரமும் தெரியும், எந்த மரத்தில் எந்த வாரம் கோலா இருக்கிறது என்பதும் தெரியும்.

இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் போகாதீர்கள். தீவில் டவுன் பஸ் கிடையாது; ஆப்பில் கார் கூப்பிடலாம் என்றும் நம்ப வேண்டாம். வாடகைக் கார்கள் குறைவு, கப்பல் நாட்களில் மாதக்கணக்கில் முன்பே போய்விடும். கார் கிடைத்தாலும், பல உட்சாலைகள் சரளை மண் சாலைகள். அதில் ஓட்ட வாடகைக் கார் காப்பீடு அனுமதிக்கிறதா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கேயும் போகாமல் பென்னஷாவிலேயே இருந்தால் பொழுது போகுமா?

நன்றாகவே போகும். ஹாக் பே கடற்கரை படகுத்துறையிலிருந்து நடக்கும் தூரம். வெள்ளை மணல், தெளிந்த நீர். அதன் ஓரத்தில் பிரெஞ்சுக்காரர் பாறை இருக்கிறது. 1803-இல் பிரெஞ்சுக் கடலோடி நிக்கோலா போதானின் கப்பலில் வந்தவர்கள் தண்ணீர் எடுத்த இடத்தில் பாறையில் எழுத்து வெட்டினார்கள். இப்போது அங்கே இருப்பது அதன் நகல். கப்பல் நாட்களில் உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் சந்தை போடுவார்கள்.

பாதி நாள் கார் கிடைத்தால் இரண்டில் ஒன்று செய்யலாம். கிழக்கு முனையில் கேப் வில்லோபி கலங்கரை விளக்கம், 1852-இல் எரியத் தொடங்கியது, தெற்கு ஆஸ்திரேலியாவின் முதலாவது. இல்லையென்றால் ப்ராஸ்பெக்ட் ஹில்: ஐந்நூறுக்குக் குறையாத படிகள். உச்சியில் நின்றால் ஒரு பக்கம் பெலிகன் லகூனின் அமைதியான நீர், மறுபக்கம் பெருங்கடலின் அலை. இரண்டுக்கும் பென்னஷாவிலிருந்து அரை மணி நேரம்தான்.

வயதானவர்களைக் கூட்டிப்போகலாமா? சக்கர நாற்காலி?

கஷ்டம் தீவில் இல்லை, டெண்டர் படகில்தான். கப்பலும் படகும் தனித்தனியாக ஏறி இறங்கும்போது, சரியான நொடியில் ஓரடி எடுத்து வைக்க வேண்டும். மாலுமிகள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஓரளவு நடக்கிறவர்களுக்கு அது போதும். சக்கர நாற்காலியைவிட்டு இறங்கவே முடியாதவர்களை அனுமதிப்பது கப்பலின் விதியையும் அன்றைய அலையையும் பொறுத்தது. பதிவு செய்யும்போதே கேளுங்கள். சீல் பேயில் மரப்பாதையின் மேல்பகுதி நடக்கச் சுலபம். மணலுக்கு இறங்கத்தான் படிகள்.

கையில் சாப்பாடு எடுத்துப் போகலாமா? சைவம் கிடைக்குமா?

கப்பல் சாப்பாட்டைக் கரைக்கு எடுத்துப்போக விடமாட்டார்கள். பழம், காய்கறி கூடவே கூடாது. பழ ஈ வந்துவிடும் என்பதால் தெற்கு ஆஸ்திரேலியா மிகவும் கறார். இந்தத் தீவுக்கென்று தனி விதியும் உண்டு: தேன் கொண்டுவரக் கூடாது. 1880-களில் இத்தாலியின் லிகூரியாவிலிருந்து வந்த தேனீக்களின் கலப்பில்லாத பரம்பரை இங்கே வாழ்கிறது. 1885-இலேயே சட்டம் போட்டுத் தீவைத் தேனீச் சரணாலயம் ஆக்கினார்கள். வெளித்தேனில் நோய்க்கிருமி வந்தால் அத்தனையும் போய்விடும். இருமலுக்கென்று அம்மா பையில் வைத்திருக்கும் சின்னத் தேன் பாட்டிலையும் கப்பல் அறையிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.

தீவுத் தேனை வாங்கி வரலாம், அருமையாக இருக்கும். ஆனால் கப்பல் அடுத்து மேற்கு ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறதென்றால் அங்கே தேனை இறக்க முடியாது. யூகலிப்டஸ் எண்ணெயும் இங்கேயே வடிக்கிறார்கள். நம் நீலகிரித் தைலத்தின் வாசனையேதான்; அப்பா மூடியைத் திறந்ததும் ஊட்டி என்றார்.

சைவம் என்றால் சிப்ஸ், சாண்ட்விச், பேக்கரிப் பண்டம் அளவில்தான் நம்பலாம். கப்பலில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

என்ன உடுத்துவது? பாம்பு இருக்குமா?

கப்பல்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை வரும். வெயில் தோலைச் சுடும், தென்கரைக் காற்று குளிரும். இரண்டும் ஒரே மணி நேரத்தில். தொப்பி, சன்ஸ்கிரீன், காற்று புகாத மேல்சட்டை மூன்றும் வேண்டும். சேலை கட்டுகிறவர்களுக்கு டெண்டர் படகிலும் மரப்பாதைக் காற்றிலும் சிரமம், சுடிதார் தோது. டைகர் ஸ்னேக் என்ற நஞ்சுள்ள பாம்பு உண்டு. மூடிய ஷூ போட்டு, பாதையைவிட்டுப் புதருக்குள் போகாமல் இருந்தால் போதும்.

போன் எடுக்குமா?

ஊர்களில் எடுக்கும், இடையில் விட்டுவிட்டுத்தான். டெல்ஸ்ட்ரா நெட்வொர்க் மற்றவற்றைவிடப் பரவாயில்லை. வரைபடத்தை முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மா விசிட்டர் விசாவில் இருக்கிறார்கள். சிக்கல் வருமா?

ஆஸ்திரேலியத் துறைமுகங்களுக்குள் மட்டும் சுற்றும் கப்பலென்றால் பிரச்சினை இல்லை. வழியில் நியூசிலாந்து போன்ற வேற்று நாடு வந்தால், அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதியும், ஆஸ்திரேலியாவுக்குள் மறுபடி நுழைய அனுமதிக்கும் விசாவும் தேவை. டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கடல் கொந்தளித்துக் கப்பல் நிற்காமலே போய்விட்டால்?

நடக்கிற விஷயம்தான். டெண்டர் படகை இறக்க முடியாத அலை இருந்தால் கேப்டன் நிறுத்தமாட்டார், காலையில்தான் அறிவிப்பார். கப்பல் டூருக்குக் கட்டிய பணம் திரும்ப வரும். தனியார் வேன், சீல் பே டிக்கெட் எல்லாம் பதிவு செய்யும்போதே "கப்பல் நிற்கவில்லை என்றால் பணம் தருவீர்களா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அறைக்குள் படுத்துவிடாமல் மேல்தளத்துக்கு வாருங்கள். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உள்ள நீரிணை வழியாகப் போனால், தீவின் செங்குத்துப் பாறைகளும், கிழக்கு முனையில் வெள்ளையாக நிற்கும் கேப் வில்லோபி கலங்கரை விளக்கமும் தெரியும். டால்பின்கள் இந்தக் கடலில் சாதாரணம், கப்பலின் முன்பக்க அலையில் ஏறி விளையாட வரும். வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு பாறை ஓரமாக வட்டமிடும். பைனாகுலர் ஒன்று கையில் இருக்கட்டும்.